கடைசிக் கவுண்டரில் அழியாத வரி

வழியில் உங்களை நிறுத்தி, நீ யார் என்று கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன பதிலை விட்டு வேறெங்கோ எழுதியிருந்ததை நம்பிய மனிதனை நீங்கள் சந்தித்ததுண்டா? இல்லை என்றால், நீங்கள் இந்த நாட்டில் சரியான பெயரோடு பிறந்தவர். உண்டு என்றால், கண்டிப் பக்கத்து அலவத்துகொட அனீஸாவின் கதை உங்களுக்கு அந்நியமாக இராது.

அனீஸாவின் வாப்பா கராம்பும் மிளகும் வாங்கி விற்ற சிறு வியாபாரி. அவள் உயர்தரத்தில் கணிதம் எடுத்தாள். சில புள்ளிகள் குறைந்து பல்கலைக்கழகம் தப்பியது. கண்டியில் கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்து, தொண்ணூற்றாறில் நகரத்து அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் ஆட்கள் பெயரோடு சண்டை பிடிப்பார்கள். நடந்ததோடு சண்டை பிடிக்க மாட்டார்கள்.

அங்கே குளிரூட்டிய அறையில் யூனிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரே ஒரு பெரிய கொம்பியூட்டர் இருந்தது. அதிலிருந்து வயர்கள் கட்டடம் முழுதும் ஓடின. ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு டெர்மினல்: திரை, விசைப்பலகை, அவ்வளவுதான். தானாக எதையும் யோசிக்காது. கொம்பியூட்டர் அனுப்புவதைக் காட்டும். நாம் தட்டுவதைத் திருப்பி அனுப்பும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டெர்மினல்களைப் பல கம்பெனிகள் செய்தன. ஒன்றுக்கு, திரையைத் துடை என்று சொல்ல ஒரு குறி. இன்னொன்றுக்கு வேறு குறி. ஒன்று அடிக்கோடு போடும், மற்றது போடாது. ஆகவே யூனிக்ஸ் செய்தவர்கள் ஒரு பெரிய விவரணக் கோப்பை வைத்தார்கள். ஒவ்வொரு வகை டெர்மினலுக்கும் அதில் ஒரு பத்தி. அகலம் எவ்வளவு, எத்தனை வரி கொள்ளும், கேர்சரை நகர்த்த என்ன குறி, ஒரு வரியின் மிச்சத்தை அழிக்க என்ன குறி என்று எல்லாம் சுருக்க எழுத்துகளில் எழுதியிருக்கும். டெர்மினல் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளாது. இது இன்ன வகை என்று ஒரு மனிதன் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கொம்பியூட்டர் டெர்மினலைத் திரும்பிப் பார்க்காது. எழுதியிருக்கும் பத்தியை மட்டும் பார்க்கும். அதை முழுதாக நம்பும்.

அந்தக் கோப்பில் மிகவும் நேர்மையான ஒரு பத்தியும் உண்டு. இன்னதென்று தெரியாத டெர்மினலுக்கான பத்தி அது. அதற்கு 'ஊமை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது, ஆகவே இதன்மீது எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டோம், எழுத்தை வரிசையாக அனுப்புவதோடு நிற்போம் என்பதே அதன் பொருள். தெரியாதபோது தெரியாது என்று எழுதி வைக்க ஓர் இயந்திரத்துக்கு வழி செய்து கொடுத்திருந்தார்கள். நம் பொலிஸ் நிலையங்களுக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் யாரும் அப்படி ஒரு பத்தி எழுதிக் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. மனிதர் செத்தார்கள். அதற்குப் பிறகு கண்டியில் தமிழ்ப் பெயர் வைத்திருந்த ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கடைகள் அந்தியில் பூட்டின. வாடகைக்குத் தங்கும் போடிங் அறைகளின் கதவுகள் தட்டப்பட்டன. வெளியூரிலிருந்து வந்து நகரத்தில் தங்கியிருப்பவர் எல்லாரும் வந்து பதிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. பதிவு வேலை அனீஸாவின் அலுவலகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை கவுண்டர்கள் திறந்தாக வேண்டும் என்றார்கள்.

டெர்மினல்கள் போதவில்லை. கொழும்பில் மூடிய ஒரு நிறுவனத்திலிருந்து பழையவை சில வந்தன. மற்றவையெல்லாம் பழுது, ஒன்றுதான் வேலை செய்தது. அது விவரணக் கோப்பில் இல்லாத வகை. அதற்குப் புதிதாக ஒரு பத்தி எழுத வேண்டும். ஒவ்வொரு குறியாக அனுப்பிப் பார்த்து, திரை என்ன செய்கிறது என்று கண்டு எழுத வேண்டும். அதற்கு நேரம் இல்லை. பகுதித் தலைவர் இராஜரத்தினம், இதுவும் நம்மிடம் இருக்கும் பழைய வகைதான் என்று கொம்பியூட்டரிடம் சொல்லிவிட்டார். கேர்சர் சரியாக நகர்ந்தது. திரை துடைபட்டது. நல்லது என்று அதைக் கடைசிக் கவுண்டரில் வைத்தார்கள்.

ஒரு குறி மட்டும் அதற்குப் புரியவில்லை. வரியின் மிச்சத்தை அழி என்ற குறி வந்தால் அது பேசாமல் இருந்துவிடும். கொம்பியூட்டரோ அழிந்துவிட்டது என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். விக்கிரமசிங்கவின் பதிவைப் பார்த்துவிட்டு சில்வாவின் பதிவை எடுத்தால், திரையில் ஆங்கில எழுத்தில் 'சில்வாமசிங்க' என்று நிற்கும். கவுண்டரில் இருந்த பெண் இதற்கு 'வால்' என்று பெயர் வைத்துச் சிரித்தாள். வால் தெரிந்தால் ஒரு விசையை அமத்துவாள். திரை முழுதாகத் துடைபட்டு, திரும்ப வரைபடும். வால் போய்விடும்.

ஆனால் பதிவின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி இருந்தது. பெரும்பாலானோருக்கு அது வெறுமை. சிலருக்கு மட்டும் எழுத்து இருக்கும்: முன்பு தடுத்து வைக்கப்பட்டவர், போக விட வேண்டாம். அந்த வரியில் எழுத்து இருந்தால் பக்கத்தில் நிற்கும் சார்ஜன் ஏக்கநாயக்க கையைக் காட்டுவார். அந்த மனிதரைப் பின்கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். வெறுமையான வரியின் மேல் முந்தைய மனிதனின் குறிப்பு முழுதாக நின்றால், அது வால் மாதிரித் தெரியாது. நல்ல, முழுமையான, அரசாங்கத்து வாக்கியமாகவே தெரியும்.

இராமகிருஷ்ணன் அந்தக் கவுண்டருக்கு வந்தது மார்ச் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கலகெதரயில் ஆணியும் பெயின்டும் விற்கும் கடையில் வேலை. கண்டி நகரத்துக் கட்டுக்கலையில் அறை. பதியச் சொன்னார்கள் என்று முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டு, நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு தானாக வந்து வரிசையில் நின்றான். அவன் வெளியே வரவில்லை.

அவனுடைய அம்மா வீரம்மா மறுநாள் தொடக்கம் அலுவலக வாசல் படலையடியில் வந்து நின்றார். கொழுந்துக் கறை படிந்த விரல்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். அனீஸா யாரோடோ தமிழில் பேசியது காதில் விழுந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அம்மா, நீங்க தமிழ்தானே பேசுறீங்க? எம் மகன் உள்ள போனான், வெளிய வரலம்மா. ராமகிருஷ்ணன்னு பேரு. பதியச் சொன்னாங்க, பதியப் போனான். வேற ஒரு தப்பும் பண்ணலம்மா."

"அழாதீங்க. முழுப் பேரச் சொல்லுங்க. நான் பாத்துட்டு வாரன்."

"கேட்டா சிங்களத்துல என்னமோ ஏசுறாங்க. சாப்பாடு குடுத்தா வாங்கிக்கிறாங்க. அவனுக்குத்தான் குடுக்குறாங்களா, இவனுங்களே திங்கிறாங்களான்னு தெரியலம்மா."

அனீஸா உள்ளே போய்த் தன் மேசை டெர்மினலில் அவன் பதிவை எடுத்தாள். குறிப்பு வரி வெறுமையாக இருந்தது. யாராவது எழுதிவிட்டு அழித்தார்களா என்று பார்த்தாள். பதிவு செய்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. வெறுமையான ஒரு வரிக்காக ஒரு மனிதனை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

அன்று பின்னேரம் வீட்டில் உம்மாவிடம் சொன்னாள். ஆஸியா உம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"மகள், அந்தப் பொடியன் ஒனக்கு யாரு?"

"ஒருத்தரும் இல்ல உம்மா."

"அப்ப சும்மா இரி. அவங்க சண்டைய அவங்க பாத்துக்கட்டும். ஈக்கிற வேலையும் கையவிட்டுப் பெய்த்திடும்."

இந்தப் பேச்சை அந்த வருடங்களில் எத்தனை வீடுகளில் பேசினோம்! தமிழர் வீட்டில் முஸ்லிம்களைப் பற்றிப் பேசினோம். முஸ்லிம் வீட்டில் தமிழரைப் பற்றிப் பேசினோம். யாழ்ப்பாணத்தார் வீட்டில் தோட்டத்தாரைப் பற்றிப் பேசினோம். பெரும்பான்மையின் தடி ஒன்றுதான். நாம்தான் யார் முதுகில் விழுகிறது என்று பிரித்துப் பார்த்தோம்.

வியாழக்கிழமை காலை வீரம்மா அழாமல் நின்றார். அது அழுகையைவிடப் பயங்கரமாக இருந்தது.

"நாளைக்கு லொறியில தெக்கே அனுப்புறாங்களாம். ஒரு பொலிஸ்காரப் புள்ள சொல்லிச்சு. அங்க போனா வர்றதில்லையாம். நெசமாம்மா?"

தெற்கே போன லொறிகளைப் பற்றி அனீஸாவும் கேள்விப்பட்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கவுண்டர்கள் மூடியபோது, அந்தத் திரையின் வால் நினைவுக்கு வந்து, அவள் கடைசிக் கவுண்டரில் போய் இருந்தாள். திங்கட்கிழமை கவுண்டர்ப் பெண் என்ன செய்திருப்பாளோ அதையே செய்தாள். குறிப்பு உள்ள ஒருவரின் பதிவை எடுத்தாள். பிறகு இராமகிருஷ்ணனின் பதிவை எடுத்தாள். பெயர் மாறியது. பிறந்த திகதி மாறியது. விலாசம் மாறியது. குறிப்பு மாறவில்லை. இராமகிருஷ்ணனின் பெயருக்குக் கீழே, இன்னொரு மனிதனின் குற்றம் அசையாமல் நின்றது. அந்த இன்னொரு மனிதனின் குற்றமாவது உண்மையா என்பது வேறு கேள்வி. அதை யார் கேட்டார்கள்?

விசையை அமத்தினாள். திரை துடைபட்டது. வரி வெறுமை.

இராஜரத்தினம் தன் அறையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அனீஸா சொல்லி முடிக்கும் முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. படித்த மனிதர், பேராதனையில் பொறியியல் முடித்தவர். சோற்றை அப்படியே மூடினார்.

"கதவைச் சாத்தும் பிள்ளை."

சாத்தினாள்.

"ஓம். அது பழைய வகை எண்டு போட்டது நான்தான். நாளைக்குக் காலமை அதுக்குச் சரியான விவரணம் எழுதிப் போடுறன். பிறகு இந்தப் பிரச்சினை இருக்காது."

"சேர், லொறியும் நாளைக்குத்தான்."

"நான் என்ன செய்ய ஏலும்?"

"சார்ஜனுக்கிட்ட காட்டுங்க. ரெண்டு நிமிஷம் போதும். நீங்க திருத்தினதுக்குப் பிறகு காட்ட ஒண்டும் இருக்காது சேர்."

இராஜரத்தினம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லை.

"நீர் கெட்டிக்காரி. ஆனா யோசிச்சுப் பாரும். நான் போய், இந்த மெஷின் பொய் சொல்லுது எண்டு சொல்லுறன். முதல் கேள்வி என்னவாய் இருக்கும்? ஆர் அதுக்குப் பொய்யைச் சொல்லிக் குடுத்தது? இராஜரத்தினம். எந்த ஊர்? யாழ்ப்பாணம். அவ்வளவும் போதும். நாளைக்கு அந்த லொறியிலை அந்தப் பெடியனுக்குப் பக்கத்திலை நானும் இருப்பன். எண்பத்து மூண்டு கலவரத்திலை நான் ஒருக்கா ஓடினவன் பிள்ளை. மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இருக்கினம்."

"அப்ப உள்ளுக்கு ஈக்கிறவங்க?"

அவர் சோற்றுப் பார்சலைத் திரும்பப் பிரித்தார். சாப்பிடவில்லை.

அவரைக் கோழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு சாதாரணத் தவறைச் சதி என்று வாசிக்கக் காத்திருந்த நாட்டில், தவறை ஒப்புக்கொள்ளும் உரிமைகூட எல்லாருக்கும் இல்லை. சிலருக்குப் பிழை பிழையாகவே இருக்கும். சிலருக்குப் பிழை தேசத்துரோகம்.

மதியம் கழிந்து கவுண்டர்கள் திறந்தன. அனீஸா வெளியே வந்தாள். கடைசிக் கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. சார்ஜன் ஏக்கநாயக்க பல்லுக்குச்சியோடு கதிரையில் சாய்ந்திருந்தார். கேகாலைக்காரர், மகியாவையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெளியூரார் எல்லாரும் பதிய வேண்டும் என்ற கட்டளையை அவரும் மீறவில்லை. அவர் பதிவும் அந்தக் கொம்பியூட்டரில் இருந்தது.

"சார்ஜன் மாத்தயா, கொஞ்சம் இங்க பாருங்க," என்று அனீஸா சிங்களத்தில் சொன்னாள்.

"என்ன மிஸ், கரன்ட் போகப் போகுதா?"

"இல்ல. இந்த ஸ்க்ரீன் ஒரு வேலை செய்யுது. உங்களுக்குக் காட்டணும்."

கவுண்டர்ப் பெண்ணைத் தள்ளி இருக்கச் சொன்னாள். குறிப்பு உள்ள பதிவு ஒன்றை எடுத்தாள். பிறகு ஏக்கநாயக்கவின் பெயரைத் தட்டினாள். திரையில் வந்தது: ஏக்கநாயக்க, பொலிஸ் சார்ஜன், மகியாவ. குறிப்பு: முன்பு தடுத்து வைக்கப்பட்டவர். போக விட வேண்டாம்.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு கிழவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏக்கநாயக்க திரும்பியதும் சிரிப்பை விழுங்கினார்.

"இதை யார் எழுதினது?"

"ஒருத்தரும் எழுதல்ல மாத்தயா. இது உங்களுக்கு முன்னால பாத்தவருடைய குறிப்பு. இந்த ஸ்க்ரீனுக்கு அந்த வரிய அழிக்கத் தெரியாது. பாருங்க." விசையை அமத்தினாள். வரி வெறுமையானது.

"திரும்பச் செய்."

செய்தாள். குறிப்பு திரும்ப வந்தது. ஏக்கநாயக்க குனிந்து, தன் விரலாலேயே விசையை அமத்தினார். போனது. திரும்ப எடுக்கச் சொன்னார். வந்தது. பல்லுக்குச்சி கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. தன் பெயருக்குக் கீழே நின்ற வாக்கியத்தை வாசித்த அந்தக் கண்களில், அனீஸா முதன்முதலாகப் பயத்தைக் கண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை வேற யார் பாத்தது?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. யாரைத் தவறாகப் பிடித்தோம் என்று அவர் கேட்கவில்லை.

"திங்கட்கிழமை பிடிச்ச இராமகிருஷ்ணனுக்குக் குறிப்பு இல்ல மாத்தயா. உள் டெர்மினல்ல பாருங்க. அவரை விடுங்க."

"இந்த ஸ்க்ரீனை இப்படி வெச்சது யார்?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இராஜரத்தினம் நின்றுகொண்டிருந்தார். அனீஸா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான்தான். என்னுடைய பிழை."

இராஜரத்தினம் அதைக் கேட்டார். கதவைத் திறக்கவில்லை.

அவள் சொன்னது பொய். பொய்யை வெறுப்பவர்கள் வெறுக்கலாம். ஒரு பெயரைக் காப்பாற்ற இன்னொரு பெயரைக் கொடுக்க மறுத்த பொய் அது. அவளைக் குறைசொல்லும் முன், உண்மையைச் சொன்னால் ஒருவன் லொறியில் ஏற வேண்டிய நிலைமையை உண்டாக்கியவர்களைக் குறைசொல்லுங்கள்.

ஏக்கநாயக்க தொலைபேசியை எடுத்தார். வெகுநேரம் பேசினார். பின்னேரம் இராமகிருஷ்ணனைப் பின்வாசலால் விட்டார்கள். நன்றாக நடத்தப்பட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இடது காதிலிருந்து கழுத்துவரை வீங்கியிருந்தது. வீரம்மா அவன் முகத்தைத் தொடப் பயந்து, சேர்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே பஸ் நிலையம்வரை நடந்தார். அந்தக் காது இன்றும் கேட்பதில்லை.

படலையடியில் ஏக்கநாயக்கவை அனீஸா மறித்தாள்.

"மாத்தயா, மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"இந்த ஸ்க்ரீன் வெச்ச நாளிலிருந்து இங்க பிடிச்சவங்க. போன வெள்ளிக்கிழமை லொறியில போனவங்க."

"பேரைச் சொல்லு."

அவளிடம் பெயர் இல்லை. எந்தப் பதிவுக்குப் பின்னால் எந்தப் பதிவை அந்தக் கவுண்டரில் எடுத்தார்கள் என்று கொம்பியூட்டர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதன் நினைவில் ஒவ்வொருவரின் குறிப்பும் சரியாகவே இருந்தது. பொய் கண்ணாடியின் மேல் மட்டும் வாழ்ந்தது. வாசித்து முடித்ததும் செத்தது.

"பேர் இல்லன்னா ஆளும் இல்ல," என்றார் ஏக்கநாயக்க. "வீட்டுக்குப் போ மிஸ்."

அன்று மாலையே அந்த டெர்மினலைச் சாக்கில் சுற்றி எங்கோ கொண்டுபோனார்கள். மறுநாள் காலை இராஜரத்தினம் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அனீஸாவை மூன்று தடவை விசாரித்தார்கள். அந்த மாத முடிவில் வேலை போனது. இராஜரத்தினம் அடுத்த வருடம் குடும்பத்தோடு கனடா போனார். போகும் முன் அலவத்துகொடைக்கு ஒருமுறை வந்தார். ஆஸியா உம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அனீஸா இப்போது அக்குறணையில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறாள். யுத்தம் முடிந்து எத்தனையோ ஆணைக்குழுக்கள் வந்து போயின. ஒவ்வொன்றின் முன்னாலும் போய், அந்தத் திரை என்ன செய்தது என்று சொன்னாள். ஒவ்வொரு ஆணைக்குழுவும் பணிவோடு ஒரே கேள்வியைக் கேட்டது: பாதிக்கப்பட்டவர் யார், பெயர் என்ன? இராமகிருஷ்ணன் ஒருவனைத் தவிர வேறு பெயரை அவளால் சொல்ல முடியவில்லை. அவளிடம் காரணம் இருக்கிறது, ஆட்கள் இல்லை. எங்கோ சில வீடுகளில் ஆட்களைத் தேடும் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களிடம் காரணம் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். தொண்ணூற்றெட்டு பெப்ரவரியிலோ மார்ச்சிலோ உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் தோட்டத்து லயத்திலிருந்து, உங்கள் போடிங்கிலிருந்து யாராவது பதிவதற்காகக் கண்டிக்குப் போய்த் திரும்பாமல் இருந்தால், கடைசிக் கவுண்டரில் நின்றார் என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால், பயந்தது போதும். அவர் பெயரையும் போன நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு அக்குறணைக்குப் போய் அனீஸாவைச் சந்தியுங்கள். அவள் உங்களோடு சாட்சி சொல்ல வருவாள். போங்கள்.